வாலுக்குப் பின்னால் நின்றவன்

மே 18, ஞாயிறு

காலை ஆறே கால். மேற்குக் காற்று, லேசு. என் மஞ்சள் ரிமோட் விமானம் ஏழு நிமிடம் பறந்தது. இறங்கும்போது ஒரு துள்ளு துள்ளி முன்சக்கரம் வளைந்தது. பெரிய சேதமில்லை.

ஒவ்வொரு பறத்தலையும் இப்படி எழுதிவைப்பது என் ஒன்பது வருட வழக்கம். பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டராக இருப்பவனுக்குப் பதிவேடு இல்லாமல் கை ஓடாது.

இன்று சகலை ரவீந்திரன் கிளப் விமானத்தை முதன்முறையாகத் தனியாக ஓட்டினார். வசுமதியின் தங்கை சுகன்யாவுடைய வீட்டுக்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். மூன்று மாதம் முன்னால், "சும்மா பாக்கலாம்னு வர்றனுங்க சகலை" என்று என் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தவர். ரிமோட்டை எப்படிப் பிடிப்பது என்பதே நான் சொல்லிக் கொடுத்ததுதான். இன்று அதே ஆள் ரோட்டின் நடுவில் விமானத்தைப் பூ வைக்கிற மாதிரி வைத்தார். எங்கள் கிளப் டாக்டர் சென்னியப்பன் கை தட்டினார். என் துள்ளலை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றில்லை.

சிஷ்யன் நன்றாக வந்தால் குருவுக்குத்தானே பெருமை. பெருமைதான்.

மே 25, ஞாயிறு

காற்று அதிகம். யாரும் பறக்கவிடவில்லை.

பொழுது போகாமல் டாக்டர் பழைய கதையைப் புதியவர்களுக்குச் சொன்னார். எங்கள் கிளப்பில் ஏழு பேர். தலைவர் அவர்தான். மாட்டு டாக்டர். பல்லடம் தாண்டி, சைட் போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட்டின் தார்ரோடுதான் எங்கள் ஓடுதளம். ஆறு வருடம் முன்னால் ஒருவர் அவசரத்தில் கிளப்பிய விமானம் நேராகப் போய் டாக்டரின் கார்க் கண்ணாடியை உடைத்தது. அன்றிலிருந்து ஒரு சட்டம். ஓட்டுகிறவர் தன் விமானத்தைத் தானே சரிபார்த்தால் போதாது. இன்னொருவர் வாலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் "இடது" என்று சொல்லி ரிமோட்டின் குச்சியைத் தள்ள வேண்டும். பின்னால் நிற்கிறவர் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள பட்டையைப் பார்க்க வேண்டும். இடது என்றால் இடப்பக்கப் பட்டை மேலே எழ வேண்டும், வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பார்த்துவிட்டு "சரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் "சரி" வராமல் எதுவும் கிளம்பாது.

"தன் புள்ளையோட குத்தம் தனக்குத் தெரியாதுங்க. அடுத்தவன் கண்ணு வேணும்" என்றார் டாக்டர்.

இன்னொன்றையும் நான் சேர்த்துச் சொன்னேன். வைகாசி முதல் ஆவணி வரை இங்கே மேற்குக் காற்று. காற்றை எதிர்த்துத்தான் கிளப்புவோம். காலையில் மேற்கே பார்த்து நிற்பதால் சூரியன் எப்போதும் நமக்கு முதுகில் இருக்கும், கண் கூசாது, அதனால்தான் காலையிலேயே பறக்கவிடுகிறோம் என்று. ரவீந்திரன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்கிறபோதெல்லாம் மனிதர் நல்ல மாணவர்.

ஜூன் 1, ஞாயிறு

ரவீந்திரன் சொந்தமாக விமானம் கட்டுகிறார். பார்க்கக் கூப்பிட்டார்கள். வசுமதியோடு திருப்பூர் போனேன்.

பால்சா என்கிற லேசான மரக்கட்டையை எலும்பு எலும்பாக வெட்டி ஒட்டியிருக்கிறார். அது போகட்டும், யாரும் செய்யலாம். அதன்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டும் வேலை இருக்கிறதே, ஒன்பது வருடமாக எனக்குப் படியாத வேலை அது. எவ்வளவு இழுத்தாலும் ஓரத்தில் சுருக்கம் விழும். இந்த ஆள் இருபது வருடமாகத் துணியும் இஸ்திரியும் பிடித்தவர். இறக்கை கண்ணாடி மாதிரி இருக்கிறது. சிவப்பு. விரலால் தடவிப் பார்த்தேன். எங்காவது ஒரு சுருக்கம் கிடைக்கும் என்று இரண்டு முறை தடவினேன்.

"எப்பிடிங்க சகலை, பரவால்லீங்களா?" என்றார்.

"ம்ம். வெயிட் கொஞ்சம் அதிகமோ" என்றேன்.

உடனே தராசை எடுத்து வந்தார். என்னுடையதைவிட நூற்றிருபது கிராம் குறைவு.

திரும்பி வரும்போது வசுமதி, "ரவி தம்பிக்கு எவ்வளவு பொறுமை பாத்தீங்களா" என்றாள். வழி முழுக்க நான் பேசவில்லை. வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது.

ஜூன் 3, செவ்வாய்

நல்ல நாள். காலேஜ் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். 27ஆம் தேதி முதலாமாண்டு மாணவர் வரவேற்பு விழா. "திருமூர்த்தி சார், உங்க கிளப்புல சொல்லிப் பத்து நிமிஷம் ஏரோப்ளேன் ஷோ வெக்கலாமா? ஒருத்தர் ஓட்டுனாப் போதும்" என்றார்.

ஒருத்தர்! பதினெட்டு வருடம் இந்தக் காலேஜில் ரம்பமும் அரமும் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். பையன்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் "அரம்". முந்நூறு பேர் அண்ணாந்து பார்க்க ஒரே ஒருமுறை நான் ஓட்டினால் போதும், அந்தப் பெயர் போய்விடும்.

மஞ்சள் விமானத்தின் முன்சக்கரத்தை மாற்றினேன். இரவு ராகிக் களியும் கீரையும்.

ஜூன் 8, ஞாயிறு

டாக்டர் சொல்கிறார், ரவீந்திரன் ஓட்டட்டும் என்று.

என் காலேஜ். என் முதல்வர். என் மைதானம். அழைப்பைக் கொண்டுவந்தவன் நான்.

"தப்பா நெனைக்காதீங்க திருமூர்த்தி. கூட்டம் நிக்கற எடம். எறக்கறதுல சகலைக்குக் கை நிதானமா இருக்குது. நீங்க பக்கத்துல நின்னு மைக்குல வெளக்கஞ் சொல்லுங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வரும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ரவீந்திரன், "அய்யய்யோ, சகலை இருக்கும்போது நானுங்களா?" என்றார். சொன்னாரே தவிர, மாட்டேன் என்று சொல்லவில்லை.

மைக்காம். அவன் பறக்கவிடுவான், நான் கீழே நின்று வர்ணனை சொல்ல வேண்டுமாம். வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும், யார் இதைப் படிக்கப் போகிறார்கள். இந்த டைரி என் டூல்ஸ் பெட்டிக்குள் பூட்டித்தான் கிடக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

லேத் மிஷினுக்கு எண்ணெய். இரண்டாம் பீரியடில் ஒரு பையன் விரலைக் கீறிக்கொண்டான். "பாத்துச் செய்டா, கண்ணு எங்க இருக்குது?" என்று சத்தம் போட்டேன்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் ரவீந்திரனும் சுகன்யாவும் சிவப்பு விமானத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். நாளைக்கு அது முதன்முதலாகப் பறக்கிறது. இரண்டு விரல் நுனியில் இறக்கையைத் தாங்கித் தூக்கினேன். முன்னும் சாயவில்லை, பின்னும் சாயவில்லை. முதல் தடவையிலேயே எடை சமமாக நிற்கிறது. எனக்கு ஈயத்துண்டு வைத்து வைத்துத்தான் நிற்கும்.

இறக்கைப் பட்டைகளை அசைக்க நடுவில் தீப்பெட்டி அளவு மோட்டார் ஒன்று இருக்கும். பழையது நேற்று புகைந்துவிட்டதாம், வேறு கம்பெனி மோட்டார் வாங்கி இன்று மதியம்தான் மாட்டினாராம். கம்பெனி மாறினால் சில மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ரிமோட்டில் அதை மாற்றி வைக்க வேண்டும். நாலு மாதம் பழகியவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் காப்பி வந்துவிட்டது.

கிளம்பும்போது, "சகலை, நாளைக்கு வாலுக்குப் பின்னால நீங்கதான் நிக்கோணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் எனக்குத் தைரியம்" என்றார்.

ஆகட்டும் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

சிவப்பு விமானம் உடைந்துவிட்டது.

வரிசையாக எழுதுகிறேன். ஆறரை மணி. இரண்டு குடும்பமும் வந்திருந்தோம். பூங்காவுக்கென்று ஒதுக்கிய காலி இடத்தில் வசுமதி பாய் விரித்து அரிசிம்பருப்பு சாதத்தை இறக்கி வைத்தாள். சுகன்யா விமானத்துக்குத் திருஷ்டி சுற்றி, சக்கரத்துக்கு அடியில் குட்டி எலுமிச்சம்பழம் வைத்தாள். புதுக்கார் எடுத்த மாதிரி எல்லோரும் சிரித்தோம். "யாரு கண்ணும் படாம நல்லாப் பறக்கோணுஞ் சாமி" என்றாள். அப்புறம் செல்லை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள்.

நான் வாலுக்குப் பின்னால் நின்றேன். ரவீந்திரன் ரிமோட்டைப் போட்டு, பிறகு பாட்டரியை மாட்டினார். முறைப்படிதான். "மேலே" என்றார். சரி. "கீழே" என்றார். சரி. "இடது" என்றார். வெயில் கண்ணைக் கூசியது. பட்டை எந்தப் பக்கம் போனது என்று தெளிவாகத் தெரியவில்லை. அசைந்தது தெரிந்தது. சரி என்றேன். "வலது" என்றார். சரி என்றேன்.

கிளம்பியதும் காற்றில் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. ரவீந்திரன் வலது கொடுத்திருக்கிறார், அது இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. பூங்கா இடப்பக்கம்தான். வசுமதி தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அக்கா, குனிங்க!" என்று ரவீந்திரன் கத்தினார். கத்திக்கொண்டே மோட்டாரை நிறுத்தி, மூக்கை நேராகத் தரையில் குத்தினார். இரண்டு மாத வேலையை ஒரு நொடியில் அவரே குத்தினார். மஞ்சள் பெயிண்ட் அடித்த சைட்டுக் கல்லில் மோதிச் சிதறியது. வசுமதிக்கும் அந்தக் கல்லுக்கும் பத்தடி.

விமானத்தின் மூக்கில் சுற்றும் காற்றாடியின் சில்லு ஒன்று பறந்து அவள் இடது முன்கையைக் கீறியது. டாக்டர் காரில் வைத்திருந்த மருந்தைப் போட்டுக் கட்டினார். "மாட்டுக்குப் போடற மருந்துதான், பயப்படாதீங்கம்மா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ரவீந்திரன் வசுமதியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "என்ற தப்புங்கக்கா. மோட்டார் மாத்துனேன், திருப்பி சுத்துறத நாந்தான் கவனிக்கல." சுகன்யா, "கண்ணு பட்டுருச்சு, யாரு கண்ணோ" என்று அழுதாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "பின்னால நின்னது நீங்கதான?"

"வெயிலுங்க" என்றேன்.

அவர் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஜூன் 16, திங்கள்

கட்டு மாற்றினேன். நீளம் நாலு விரல்கடை. ஆழமில்லை.

ஜூன் 18, புதன்

டாக்டர் போனில் கூப்பிட்டார். சிவப்பு விமானம் தேறாது, 27ஆம் தேதிக்கு நானே ஓட்டிவிடலாமாம். குரலில் உற்சாகமில்லை. அதனாலென்ன, கிடைத்தது கிடைத்ததுதான்.

வசுமதியிடம் சொன்னேன். "சந்தோசமுங்க" என்றாள். ஒரு பாயசம் வைக்கக் கூடாதா என்றேன். கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். மறந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

கட்டு மாற்றினேன். ஆறிவருகிறது. முதல்வர் அழைப்பிதழில் என் பெயரைப் போட்டிருக்கிறார். நாலு முறை படித்தேன்.

ஜூன் 21, சனி

ரவீந்திரன் வந்தார். கையில் இஸ்திரிப் பெட்டி.

"காலேசு விழாவுக்குப் போறப்ப ரெக்கையில சுருக்கத்தோட போலாமுங்களா சகலை? குடுங்க, எடுத்துத் தர்றேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து என் மஞ்சள் இறக்கையை நீவினார். கொஞ்சம் சூடு, கொஞ்சம் இழுப்பு, ஈரத்துணியால் ஒரு ஒற்று. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடச் சுருக்கம் போய்விட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, அதிகம் பேசவும் இல்லை. வழக்கமாக இப்படி இருக்கிறவர் இல்லை.

திறமைசாலியாக இருந்தால் போதாதா? நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

போகும்போது, "வெள்ளிக்கெழமை பின்னால நிக்க ஆளு வேணுமில்லீங்க? நான் லீவு போட்டுட்டு வந்தர்றேன்" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

நாலு முறை பறக்கவிட்டேன். நாலு இறக்கமும் மோசம். இறக்கை கண்ணாடி மாதிரி இருக்கிறது, என்ன பிரயோசனம்.

ஜூன் 25, புதன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன்.

காலேஜ் விட்டு வந்தேன். வசுமதி கூடத்தில் உட்கார்ந்து செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகன்யா எடுத்த வீடியோ. பத்து நாளாக அது அவள் செல்லில் இருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. "வாங்க, உக்காருங்க" என்று பக்கத்தில் இடம் விட்டாள். எலுமிச்சம்பழம், சிரிப்பு, நான் வாலுக்குப் பின்னால். ரவீந்திரன் "இடது" என்கிறார். அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"ஏனுங்க, இதுல நீங்க ரெக்கையத்தான பாத்துட்டு இருக்கறீங்க?"

"பாத்தேன். வெயில் கண்ணுல அடிச்சுதுன்னு சொன்னனில்ல."

அவள் விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். என் முகத்தை அல்ல, என் காலடியை. என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போய் விமானத்தின் வால்மேல் விழுந்திருக்கிறது.

"வெயிலு உங்க முதுகுலயல்லோ இருக்குது" என்றாள்.

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். "ரவி தம்பி பாத்துருச்சா?" என்று மட்டும் கேட்டேன். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கட்டு மாற்ற மருந்தை எடுத்துப்போனேன். "நானே போட்டுக்கறனுங்க" என்றாள். ஒரு கையால் கட்டுப் போடுவது லேசில்லை. பல்லால் துணியைக் கடித்து முடிச்சுப் போட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

காலை எட்டரை. மேற்குக் காற்று, மிதமானது. காலேஜ் மைதானம். பையன்கள், பெற்றோர்கள், ஆசிரியர்கள், எல்லாமாக முந்நூறு பேர் கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால். முதல்வர் மைக்கில் என் பெயரைச் சொன்னார். பின்வரிசையில் யாரோ "அரம்!" என்று கத்தினான். கைதட்டல்.

ரிமோட்டைப் போட்டேன், பாட்டரியை மாட்டினேன். ரவீந்திரன் வாலுக்குப் பின்னால் போய் நின்றார். வந்ததிலிருந்து என்னிடம் பேசியது, "வந்துட்டனுங்க சகலை" மட்டும்தான்.

"மேலே" என்றேன். "சரி" என்றார். "கீழே." "சரி." "இடது." "சரி." "வலது." "சரி."

ஒரே ஒரு சொல். ஒன்பது வருடத்தில் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், ஒருமுறைகூட சந்தேகப்பட்டதில்லை. இன்று அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு என் முகமும் இப்படித்தானே இருந்திருக்கும். நேற்று சாயங்காலம் நானே சோதித்துப் பூட்டிய விமானம், அவர் தொடவேயில்லை. இருந்தாலும் கட்டைவிரல் நகர மறுத்தது.

ரிமோட்டைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டு, நடந்து போய் வாலுக்குப் பின்னால் அவர் பக்கத்தில் நின்று, குச்சியைத் தள்ளி நானே பார்த்தேன். இடது, வலது. மறுபடி இடது. எல்லாம் சரியாக இருந்தது. கிளப்பில் யாரும் இப்படிச் செய்ததில்லை. ஒருவர் சரி சொன்னபின் அதைச் சரிபார்ப்பது அவரைத் திருடன் என்பதற்குச் சமம். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரவீந்திரன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் பாத்துட்டுத்தான் சொன்னேனுங்க சகலை" என்றார்.

"வீடியோ பாத்தீங்களா?"

"அன்னைக்கே பாத்துட்டனுங்க."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

"பின்னால ஒருத்தர் நிக்கோணுமில்லீங்க. அக்காவும் வந்து நிக்கறாங்க" என்றார்.

பறக்கவிட்டேன். எட்டு நிமிடம். இரண்டு வட்டம், ஒரு குட்டிக்கரணம், தாழ்வாக ஒரு ஓட்டம். இறக்கியது ஒன்பது வருடத்தில் என் மிகச் சிறந்த இறக்கம். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. பையன்கள் விசிலடித்துக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார்கள். முதல்வர் சால்வை போட்டார். இதற்காகத்தானே ஆசைப்பட்டேன், எல்லாம் கிடைத்தது.

வசுமதியைத் தேடினேன். முந்நூறு பேரும் வெட்டவெளியில் அண்ணாந்து நின்றார்கள். அவள் போர்ட்டிகோவின் கான்கிரீட் தூணுக்குப் பின்னால் நின்றாள், தலை மட்டும் வெளியே. கட்டுப் போட்ட கையை உள்பக்கம் மறைத்திருந்தாள். விமானத்தை அணைத்துப் பாட்டரியைக் கழற்றும் வரை அவள் அங்கிருந்து வரவில்லை.

ஜூன் 28, சனி

ஜூன் 15ஆம் தேதிப் பதிவுக்குத் திருத்தம்.

வெயில் கூசவில்லை. சூரியன் முதுகில் இருந்தது. ரவீந்திரன் "இடது" என்றபோது இடப்பக்கப் பட்டை கீழே இறங்கியது. பார்த்தேன். "வலது" என்றபோது வலப்பக்கப் பட்டை கீழே இறங்கியது. அதையும் பார்த்தேன். வசுமதி இடப்பக்கம் பாய் விரித்திருந்ததும் தெரியும். விமானம் உடைந்தால் போதும் என்று நினைத்தேன். சரி என்றேன்.

ரவீந்திரன் மறுபடி கட்டிக்கொள்ளட்டும் என்று, என்னிடமிருந்த பால்சா கட்டை முழுவதையும் கட்டி வண்டியில் வைத்திருக்கிறேன். மதியம் திருப்பூர் போய் ரவீந்திரனிடம் இதை வாயால் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

டைரியை இன்று பெட்டியில் பூட்டவில்லை. இந்தப் பக்கத்தைத் திறந்து, சமையல் மேடையில், வசுமதியின் மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.